அந்த டப்பாவை எறியவில்லை, கண்ணு

கண்ணு,

எங்கள் வியாபாரிகள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார்கள். ஆய்வுக்கூடங்களுக்குப் பொருள் தேடிக் கொடுக்கும் தொழிலில் இத்தனை வருஷம் இருந்திருக்கிறீர்கள், அனுபவத்தை எழுதுங்கள் என்றார் செயலாளர். சரி என்று உட்கார்ந்தேன். தலைப்பு போட்டேன், ஒரு வரி எழுதினேன், அடித்தேன். இரண்டாவது வரியில் நீ வந்துவிட்டாய். தாளைக் கிழித்துவிட்டு மறுபடி தொடங்கினாலும் அதே கதைதான். கடைசியில் செயலாளருக்கு போன் போட்டு, இது கட்டுரையாக வரவில்லைங்க, என் மகளுக்கு எழுதும் கடிதமாகத்தான் வருகிறது, வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் விடுங்கள் என்று சொல்லிவிட்டேன். அதனால் உனக்குத் தெரிந்ததையே அங்கங்கே விளக்கிக்கொண்டிருப்பேன். ஊராருக்காகச் சொல்கிறேன் என்று பொறுத்துக்கொள். அப்பனுக்கு வயதாகிவிட்டது, சொன்னதையே சொல்கிறான் என்று உன் அம்மாவைப் போல நீயும் ஆரம்பித்துவிடாதே.

நீ இப்படி வரிக்கு வரி வந்து நிற்பதற்குக் காரணம் போன ஞாயிற்றுக்கிழமை வந்த உன் போன். அமெரிக்காவில் வேலை நிரந்தரமாகிவிட்டது, இனி அங்கேயே இருந்துகொள்கிறேன் என்று சொன்னாய். "நெம்ப சந்தோசம் கண்ணு" என்றேன். பொய்யில்லை, சந்தோஷம்தான். அதோடு நீ போனை வைத்திருக்கலாம். வைக்கப் போகிற நேரத்தில் சும்மா ஒரு வார்த்தை சொன்னாய். "அப்பா, ஃப்ரீசர்ல என்ற வாழை டப்பா ஒண்ணு கெடக்குமே, அதெ எடுத்து எறிஞ்சுபோடுங்கப்பா. அதுக்கோசரம் ஒரு பொட்டி சும்மா ஓடிட்டுக் கெடக்குது." நான் "செரி கண்ணு" என்றுதான் சொன்னேன். போனை வைத்துவிட்டு வெளியே போய்ச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டேன். உன் அம்மா ஏற்கெனவே விட்டிருக்கிறாள். "ஏனுங்க, செடிக்கு நீச்சலா பழக்கறீங்க?" என்று கேட்டாள். குழாயை மூடிவிட்டு உள்ளே வந்தேன்.

ஊராருக்கு இந்த டப்பா என்னவென்று சொல்லிவிடுகிறேன். எம்.எஸ்ஸி. படிக்கும்போது நீ பவானி, சத்தியமங்கலம் பக்கமெல்லாம் அலைந்து, ஒரே வாழைக்கு ஊருக்கு ஊர் வேறு பேர் சொல்கிறார்களா, இல்லை நிஜமாகவே வேறு வேறு வாழையா என்று பார்க்க இலைக்குருத்து சேகரித்தாய். அந்தக் குருத்துகளிலிருந்து பிரித்தெடுத்த டி.என்.ஏ. சின்னச் சின்ன பிளாஸ்டிக் குழாய்களில் அந்த டப்பாவுக்குள் இருக்கிறது. பாதி வேலைதான் முடிந்திருந்தது. மேற்படிப்புக்கு இடம் கிடைத்து நீ கிளம்பியபோது டப்பாவை என் கையில் கொடுத்து, "படிச்சு முடிச்சுட்டு வந்து மீதியெ இங்கயே பண்ணிக்கறேன், பத்தரமுங்கப்பா" என்றாய். கடைக்கு மேலே மாடி எடுத்து, அங்கே சின்னதாக ஓர் ஆய்வுக்கூடம் போடுவது, நீ வேலை செய்வது, நான் பொருள் தேடிக் கொடுப்பது, கோயம்புத்தூரில் படிக்கிற எந்தப் பிள்ளையும் ஒரு குழாய் மருந்துக்காக மாதக்கணக்கில் காத்துக்கிடக்கக் கூடாது என்று நாம் இருவரும் பேசி வைத்தது ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பேச்சுக்கு மிச்சம் இருக்கிற ஒரே பொருள் இந்த டப்பா. நீ டப்பாவை எறியச் சொன்னாய். இனி நான் வரமாட்டேன் என்று நீ சொன்னதாகத்தான் என் காதில் விழுந்தது.

உன்மேல் கோபமா என்றால், ஆமாம், கொஞ்சம் இருக்கிறது. மறைத்து என்ன ஆகப்போகிறது? ஆனால் கோபத்தைவிட ஏக்கம் பெரிதாக இருக்கிறது. அதனால் திட்டவும் வரவில்லை. பேசிக்கொண்டிருக்க மட்டும் தோன்றுகிறது.

காந்திபுரம் கிராஸ்கட் ரோட்டுக்குப் பின்னால் சந்தில் நம் கடை. காலேஜ்களுக்கு பீக்கர், பியூரெட், லிட்மஸ் தாள். திருப்பூர் சாயப்பட்டறைகளுக்கு அமில அளவு பார்க்கும் பொருள்கள். மில் ஆய்வுக்கூடங்களுக்குத் தராசு. விளைகிற காட்டை விற்று வந்து கண்ணாடிக் குழாய் விற்கிறான் என்று சொந்தபந்தம் பேசியதெல்லாம் உனக்கே தெரியும். கடையில் எனக்கு ஒரே ஒரு பழக்கம் உண்டு. யார் என்ன கேட்டாலும் இல்லை என்று சொல்லமாட்டேன். அது வீம்பு என்பாள் உன் அம்மா. வீம்புதான். ஒருநாள் விவசாயக் காலேஜிலிருந்து ஒரு பேராசிரியை வந்தார். பின்னாளில் உன் மேடம் ஆனாரே, அவர்தான். ஒரு துண்டுத்தாளை நீட்டி, "இது கெடைக்குங்களா?" என்று கேட்டார். படித்துப் பார்த்தேன். பெயரா, லாரி நம்பரா என்று தெரியவில்லை. கடைசியில் ரோமன் எண் வேறு. "கெடைக்குங்க மேடம், ஒரு வாரம் குடுங்க" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டேன். அது என்னவென்று கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு மாதம் ஆனது.

அது டி.என்.ஏ.வைக் குறிப்பிட்ட ஓர் இடத்தில் மட்டும் வெட்டுகிற என்சைம். சுண்டுவிரலில் பாதிகூட இல்லாத குழாய்க்குள் ஒரு சொட்டு. அந்த ஒரு சொட்டுக்கு ஒரு பெரிய தெர்மாகோல் பெட்டி, பெட்டி நிறைய, உருகாமல் புகையாகவே போய்விடுகிற டிரை ஐஸ், அதற்கு மேலே விமானப் பயணம். பம்பாய் ஏஜென்ட் மூலம் சொல்லி, அவர் வெளிநாட்டுக்குச் சொல்லி, அங்கிருந்து கிளம்பி, நடுவில் எங்கேயும் ஒரு மேஜைமேல் மறந்துபோய் வைக்கப்படாமல் வந்து சேர வேண்டும். ஒருமுறை வழியில் ஓர் அலுவலகத்தில் பெட்டியை நிறுத்திவிட்டார்கள். உள்ளே இருந்தது சால்மன் மீனின் விந்திலிருந்து எடுத்த டி.என்.ஏ. "மீன் கொண்டாரதுக்கு உங்களுக்கு அனுமதி இருக்குதுங்களா?" என்று கேட்டார் அதிகாரி. மீன் இல்லைங்க என்றேன். "மீனோடதுதானுங்களே?" என்றார். அவர் கேட்டதிலும் தப்பில்லை. நான் தாளில் மீனை வரைந்து, அதற்குள் ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளிக்குள் இருக்கிற நூல்தான் இது என்று விளக்கி முடிப்பதற்குள் ஐஸ் புகையாய்ப் போய்விட்டது. நான் வரைந்ததைப் பார்த்து நீ சிரித்தாயே, "அப்பா, இது மீன் இல்லீங்கப்பா, கத்திரிக்காய்" என்று. அப்போது நீ ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாய்.

பெட்டி வருகிற நாளில் நீயும் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொள்வாய். பீளமேடு விமான நிலையத்தில் கார்கோ ஆபீஸ் வாசலில் இருவரும் நிற்போம். திரும்பும்போது பெட்டியை நீதான் மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொள்வாய். அவிநாசி ரோட்டு வெயிலில் உன் பாவாடைச் சட்டைக்குள் சில்லென்று ஏறுகிறது என்று ஒரே சிரிப்பு. "வகுறு மரத்துப்போச்சுங்கப்பா, மளார்னு போங்க" என்று முதுகில் குத்துவாய். டாக்டருக்குப் படிக்க வைக்கலாம் என்று உன் அம்மா நினைத்துக்கொண்டிருந்தாள். நீ எதற்குப் படிக்கப் போகிறாய் என்பது அந்த ஸ்கூட்டரிலேயே முடிவாகிவிட்டது. நான்தான் தாமதமாகப் புரிந்துகொண்டேன்.

இந்தத் தொழிலில் பொருள் தேடுவது என்றால் கேட்லாக்கைப் புரட்டுவது என்று நினைக்கிறார்கள். அதெல்லாம் கடைசியில் பத்து நிமிஷ வேலை. தேடுவது என்றால் ஆளைக் கேட்பது. எந்தப் பேராசிரியர் வீட்டுப் பையன் வெளிநாட்டிலிருந்து வருகிறான், எந்த ஆய்வுக்கூடத்தில் போன வருஷம் வாங்கியதில் மிச்சம் இருக்கிறது, யார் கொடுப்பார், யார் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு போனை எடுக்கமாட்டார், இதெல்லாம் மனிதர்களோடு உட்கார்ந்து டீ குடித்தால்தான் தெரியும். பறித்த இலையை அங்கேயே உறைய வைக்கத் திரவ நைட்ரஜன் எங்கே கிடைக்கும் என்று மேடம் தவித்தபோது எனக்குச் சட்டென்று மாடுதான் ஞாபகம் வந்தது. சினை ஊசி மருந்தை அதில்தானே உறைய வைத்திருக்கிறார்கள்! கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டேன், சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள். அந்தக் கேனைத் தூக்கிக்கொண்டு நீயும் நானும் பவானி ஆற்றோரம் ஒரு தோட்டத்தில் இறங்கியதை மறந்திருக்கமாட்டாய். நீ பக்கக்கன்றில் குருத்தைக் கிள்ளி உள்ளே போட்டாய், குபுகுபுவென்று புகை வந்தது. தோட்டக்காரர் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏனுங்க, இது மாட்டு டாக்டரு கொண்டார டப்பாவாச்சுங்களே? வாழைக்குமா சினை ஊசி போட ஆரம்பிச்சுட்டாங்க?" நீ சிரிப்பை அடக்க முடியாமல் வாழைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாய். அவர் நம்மை விடவில்லை. சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று இலை போட்டார். ஒவ்வொரு வாழையாகக் காட்டி, இதற்கு எங்கள் பக்கம் இன்ன பேர், ஆற்றுக்கு அக்கட்டால இன்ன பேர் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

உனக்கு நான் சொல்ல நினைக்கிற புத்திமதி ஒன்று உண்டென்றால் இதுதான். கேட்பதற்குக் கூச்சப்படாதே. கேட்டால் மனிதர்கள் கிடைப்பார்கள். பொருள்கூட அப்புறம்தான். நீ இருக்கிற இடத்தில் மாலையில் எழுதிப்போட்டால் காலையில் பெட்டி மேஜைக்கு வந்துவிடுகிறது என்று சொல்கிறாய். கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதே இல்லாத இடத்தில் என் பிள்ளை யாரோடு பேசுவாள் என்று எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது. பக்கத்து ஆய்வுக்கூடத்தில் யார் இருக்கிறார் என்று போன மாதம் கேட்டேன். "தெரியலீங்கப்பா" என்றாய். உன்னிடம் இருந்தாலும் பரவாயில்லை, போய் ஏதாவது ஒன்று கடன் கேள் கண்ணு. ஒரு டப்பா உப்பாவது கேள்.

ஐஸ் கட்டாத ஃபிரிட்ஜ் கதையை எழுதாமல் விட்டால் உன் அம்மா என்னைச் சும்மா விடமாட்டாள். உன் ஆராய்ச்சிக்கான என்சைம் பொங்கலுக்கு முதல்நாள் வந்து சேர்ந்தது. காலேஜ் பூட்டியாகிவிட்டது. பொங்கல் முடியும்வரை வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று நீதான் சொன்னாய். நம் பழைய ஃபிரிட்ஜைப் பற்றி உனக்குத் தெரியும். மேல் அறை முழுக்கப் பாறை மாதிரி ஐஸ் கட்டிக்கொள்ளும். உன் அம்மா மாதம் ஒருமுறை தோசைக்கரண்டியை வைத்துக் கொத்துவாள். அந்தப் பொங்கலுக்குத்தான் புது ஃபிரிட்ஜ் வாங்கியிருந்தோம். ஐஸே கட்டாது என்று கடைக்காரர் சத்தியம் செய்து கொடுத்தது. விருந்துக்கு வந்த ஒறம்பரை எல்லோருக்கும் கதவைத் திறந்து திறந்து காட்டினோம். இவ்வளவு நல்ல பெட்டி இருக்கும்போது புள்ளையின் மருந்தைப் பழசில் போடுவதா என்று நானும் உன் அம்மாவும் சேர்ந்து, சாமி கும்பிட்டு, புதியதில் வைத்தோம். நீயும் தலையாட்டினாய். மூன்று பேரில் ஒருவருக்குக்கூட, ஐஸ் எப்படிக் கட்டாமல் இருக்கிறது என்று யோசிக்கத் தோன்றவில்லை.

பொங்கல் முடிந்து நீ கொண்டுபோனாய். வாழை டி.என்.ஏ.வில் போட்டாய். வெட்டவில்லை. மறுபடி போட்டாய். வெட்டவில்லை. உன் கைதான் சரியில்லை என்று நினைத்து ஒரு வாரம் சோறு இறங்காமல் கிடந்தாய். கடைசியில் மேடம் கேட்டாராம், பொங்கலுக்கு எங்கே வைத்திருந்தாய் என்று. புது ஃபிரிட்ஜில் என்றாயாம். "ஐஸ் கட்டாத ஃபிரிட்ஜா அம்மணி?" என்று கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாராம். அந்த ஃபிரிட்ஜ் ஐஸ் கட்டாமல் இருப்பதே தன்னைத்தானே அவ்வப்போது சூடாக்கி ஐஸைக் கரைத்துக்கொள்வதால்தான். நாம் ஊரெல்லாம் காட்டிப் பெருமைப்பட்ட நேரத்தில் அது உள்ளே சூடாகிச் சூடாகி என்சைமைச் சாகடித்துக்கொண்டிருந்திருக்கிறது. நீ வீட்டுக்கு வந்து சொன்னபோது உன் அம்மா, "அடக் கெரகமே! ஐஸ் கட்டுனாலும் தப்பு, கட்டாட்டியும் தப்பா?" என்று அந்த ஃபிரிட்ஜை ஒரு அடி அடித்தாள். அப்புறம்தான் அழுதாள். மூடப்போகிற ஐஸ்கிரீம் கடையிலிருந்து பழைய பெட்டி ஃப்ரீசரை நான் வாங்கி வந்தது அந்த வாரம்தான். மில் ஓடுகிற மாதிரி சத்தம் போடும். ஆனால் ஒழுங்காக ஐஸ் கட்டும்.

ஃப்ரீசர் வந்துவிட்டது, என்சைம் இல்லை. மறுபடி வெளிநாட்டுக்குச் சொன்னால் உன் ஆய்வேட்டுக்குக் கெடு முடிந்துவிடும். நான் எனக்குத் தெரிந்த எல்லா ஊருக்கும் போன் போட்டேன். ஐதராபாத்தில் இல்லை. மதுரையில் இருந்தது தீர்ந்துவிட்டது. பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில், முன்பின் பார்த்திராத ஒரு விஞ்ஞானி, பாதிக் குழாய் இருக்கிறது, ஆள் வந்தால் தருகிறேன் என்றார். அடுத்த பஸ்ஸில் கிளம்பிவிட்டேன். அவர் குழாயைக் கையில் கொடுத்து, "உங்க பொண்ணு நல்லா வரணும்" என்று மட்டும் சொன்னார். இதற்கு என்ன தர வேண்டும் என்று கேட்டதற்கு, இதேபோல யாராவது கேட்டால் இல்லையென்று சொல்லாதீர்கள் என்றார். தெர்மாஸில் ஐஸ் நிரப்பி, நடுவில் குழாயைச் செருகி, மைசூர் வழியாகத் திரும்பினேன். திம்பம் மலையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் பெரிய லாரி ஒன்று திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டது. மேலேயும் கீழேயும் வண்டிகள் நின்றுவிட்டன. உச்சி வெயில். தெர்மாஸை ஆட்டிப் பார்த்தால் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது.

பஸ்ஸிலிருந்து இறங்கி நின்ற வண்டிகளைப் பார்த்துக்கொண்டே கீழே நடந்தேன். யாரிடம் என்ன கேட்பது என்றுகூடத் தெரியவில்லை. நாலைந்து வளைவு இறங்கிய பிறகு, சத்தியமங்கலத்திலிருந்து மல்லிகைப்பூ ஏற்றிக்கொண்டு மைசூர் போகிற வேன் ஒன்று நின்றிருந்தது. பூவைத் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டுத்தானே அனுப்புவார்கள். டிரைவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "ஐஸெக் குடுத்துப்போட்டா பூவு வாடிப்போகுமுங்க. உங்குளுது வாடுனா என்னங்க ஆகும்?" என்று கேட்டார். "என்ற புள்ளையோட படிப்பு வாடிப்போகுமுங்க" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. அவர் ஒரு பெட்டியைப் பிரித்து, இரண்டு கையாலும் ஐஸை அள்ளி என் தெர்மாஸில் போட்டார். ஐஸோடு பூவும் உள்ளே போயிற்று. "படிச்சு வந்து எங்க மல்லிகைக்கும் எதாச்சும் பண்ணச் சொல்லுங்க" என்றார். வீட்டுக்கு வந்து உன் கையில் கொடுத்ததும் மூடியைத் திறந்து, "என்னங்கப்பா, மல்லிகை வாசம்?" என்று கேட்டாயே, அந்தக் குரல் எனக்கு இன்னும் அப்படியே காதில் இருக்கிறது.

அந்தப் பாதிக் குழாய் வேலை செய்தது. மறுநாள் கடைக்கே வந்து என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு காலேஜுக்குப் போனாய். இருட்டறை. முகத்துக்கு ஒரு கண்ணாடி மூடி மாட்டிவிட்டுப் புற ஊதா விளக்கைப் போட்டாய். வெட்டுப்பட்ட டி.என்.ஏ. துண்டுகள் ஆரஞ்சு நிறத்தில் கோடு கோடாய் வரிசையாக ஒளிர்ந்தன. "இது பவானிங்கப்பா, இது சத்தி. பேருதான் வேற. ரெண்டும் ஒண்ணு! பாருங்க, ஒரே எடத்துல வெட்டியிருக்குது!" என்று குதித்தாய். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கோடுகளில் ஒன்றும் புரியவில்லை. நான் உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் நான் தேடிக் கொடுத்த பொருள் ஒன்று என்ன ஆகிறது என்று அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கண்ணால் பார்த்தேன். மற்றதெல்லாம் டெலிவரி கொடுத்ததோடு சரி.

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில், ஏதாவது வேண்டுமா கண்ணு என்று கேட்கிறேன். ஒண்ணும் வேண்டாங்கப்பா, இங்கேயே எல்லாம் கிடைக்கிறது என்கிறாய். சுக்குமல்லித் தூள்கூட அங்கே கிடைக்கிறதாம். நல்லதுதான். ஆனால் யார் எதைக் கேட்டாலும் தேடிக் கொடுப்பவன் என்று ஊரில் பேர் எடுத்த எனக்கு, என் பிள்ளைக்குத் தேடிக் கொடுக்க ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. இதை உன்னிடம் போனில் சொல்ல முடியவில்லை. சொல்லியிருந்தால் பரிதாபப்பட்டு ஏதாவது ஒன்றைக் கேட்டிருப்பாய்.

திங்கட்கிழமை காலை நீ சொன்னபடியே செய்துவிடலாம் என்று எழுந்தேன். ரோஷம்தான். புள்ளையே வேண்டாம் என்ற பிறகு எனக்கு என்ன என்று ஃப்ரீசரைத் திறந்து டப்பாவை வெளியே எடுத்துவிட்டேன். மேலே உன் கையெழுத்து பாதி அழிந்திருந்தது. கொல்லைப்பக்கம் போவதற்குள் உன் அம்மா பார்த்துவிட்டாள். இத்தனை வருஷமாக அந்த ஃப்ரீசரின் சத்தத்துக்கும் அது அடைத்துக்கொண்டிருக்கிற இடத்துக்கும் என்னோடு சண்டை போட்டவள் அவள்தானே, ஒழிந்தது சனியன் என்பாள் என்று நினைத்தேன்.

"எங்கீங்க எடுத்துட்டுப் போறீங்க?" என்றாள். பாப்பா எறியச் சொல்லிவிட்டாள் என்றேன். வந்து என் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். "அவ சொல்லுவா. அவளுக்கு என்ன! நாந்தான் இத்தன வருசமா இதெ எடுங்க எடுங்கன்னு கத்தறேன், என்னைக்காச்சும் எறிஞ்சனா? கரண்டு போறப்பல்லாம் கம்பளியெப் போட்டு மூடி வெச்சது யாருங்க, நீங்களா?" எனக்கு அது தெரியாது கண்ணு. நான் கடையில் இருக்கும்போதெல்லாம் கரண்ட் போனால் அவள் பவானி ஜமக்காளத்தை மடித்து ஃப்ரீசர்மேல் போட்டு மூடி வைத்திருக்கிறாள். டப்பாவைத் திரும்ப உள்ளே வைத்து, கதவை அழுத்தி மூடிவிட்டு அதன்மேலேயே சாய்ந்து நின்றாள். "இது உள்ளார இருக்கற மட்டும் பாப்பா வந்துருவாங்கற மாதிரியே இருக்குதுங்க. எறியறதுன்னா அவளே வந்து எறியட்டும்" என்றாள். நான் கடைக்குப் போய்விட்டேன்.

ஆக, அந்த டப்பாவை எறியவில்லை. மேடத்திடம் கேட்டேன். டி.என்.ஏ. அவ்வளவு லேசில் கெட்டுப்போகாது, இன்னும் நன்றாகத்தான் இருக்கும், வாழையில் வேலை செய்கிற மாணவி ஒருத்தி இருக்கிறாள், அவளுக்கு உதவும் என்றார். பெங்களூர்க்காரர் சொன்னது உனக்கும் சேர்த்துத்தான். உனக்கு வேண்டாததை எறியாதே, கேட்கிறவர்களுக்குக் கொடு. எந்தக் குழாயில் எந்த வாழை என்று உனக்கு மட்டும்தான் தெரியும். நீ வந்து உன் கையால் எடுத்துக் கொடுத்தால் நன்றாக இருக்கும். அமெரிக்காவை விட்டுவிட்டு வா என்று நான் கேட்கவில்லை. பொருளும் வசதியும் இருக்கிற இடத்தில்தான் வேலை நடக்கும் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? மாடி ஆய்வுக்கூடம் நடக்காது என்று நானும் ஒத்துக்கொண்டுவிட்டேன். கொஞ்ச நாள் வந்து இருந்துவிட்டுப் போ என்றுதான் சொல்கிறேன்.

இன்னொன்று. நேற்று ஒரு பெட்டி வாங்குவதற்குப் பீளமேடு போயிருந்தேன். இத்தனை வருஷமாகப் போய்வருகிறேன், எல்லாம் கார்கோ பக்கம்தான். உன்னை வழியனுப்பியதுகூடச் சென்னையிலிருந்து. பெட்டியை வாங்கிக்கொண்டு ஸ்கூட்டருக்குத் திரும்பும்போது, ஆட்கள் இறங்கி வருகிற வாசல் பக்கம் கால் போய்விட்டது. கம்பிக்கு இந்தப் பக்கம் ஒரு கூட்டம் நின்றிருந்தது. நானும் பெட்டியோடு அவர்களுக்கு நடுவில் போய் நின்றேன். உள்ளேயிருந்து வருகிற ஒவ்வொருத்தரையும் பார்த்தேன். ஐஸ் குறைந்துகொண்டிருக்கிறது, கிளம்ப வேண்டும் என்று தெரிகிறது, கால் நகரவில்லை. கூட்டமெல்லாம் போன பிறகு காவலுக்கு நின்றவர் பக்கத்தில் வந்து, "யாருக்குங்க நிக்கறீங்க?" என்று கேட்டார். "என்ற புள்ளைக்குங்க" என்று சொல்லிவிட்டேன். "எந்த ஃபிளைட்டுங்க?" என்றார்.

தெரியலீங்க என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், கண்ணு. அடுத்த முறை போகும்போது அவருக்கு நான் என்ன சொல்லட்டும்?

அப்பா